செலினுக்கு ஓர் இடம் இருந்தது

செலின் மேரி இறந்துவிட்டாள் என்ற செய்தி எனக்கு வந்தபோது காலை மணி ஆறே முக்கால். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. பால் ஊற்ற வந்த கலியம்மாள் தூக்கை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"எம்மா, உங்க செலினு செத்துப்போச்சும்மா. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிச்சாம். வண்டி கொண்டாறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி."

"நேத்து சாயந்தரம் வரைக்கும் இங்கதான உளுந்து புடைச்சிக்கினு இருந்தா?"

"அதத்தான் நானும் சொன்னேன். அவ புருசன் மரியசுந்தரம் வூட்டு வாசல்ல குந்திக்கினு இருக்கான்."

கலியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. என் மனதில் முதலில் எழுந்தது துக்கமும் இல்லை. 'இனி இவள் பையன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள்' என்ற எண்ணம்தான். அந்த எண்ணத்தோடு அவள்மேல் எனக்கிருந்த பழைய எரிச்சலும் கிளம்பியது. ஒன்பது வருஷமாக எனக்குப் பழக்கமானது அது. செத்த பிறகாவது அவள்மேல் பொறாமைப்படாமல் இருப்பேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

செலின் எங்கள் மளிகைக் கடையின் பின்கட்டில் ஒன்பது வருஷம் பருப்பு புடைத்துக் கல் பொறுக்கியவள். கடை வில்லியனூர்க் கடைத்தெருவில் இருக்கிறது. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு முற்றம். மூட்டையில் வந்த துவரையும் உளுந்தும் அந்த முற்றத்தில்தான் கொட்டப்படும். கடை என் கணவர் ஏகநாதனுடையது. அவர் குடும்பத்துக்கு மூன்று தலைமுறையாக வியாபாரம். நான் புதுச்சேரியில் பி.ஏ. படித்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்தேன். தத்துவம் எனக்கு ஒரு பாடம். துன்பத்துக்குக் காரணம் என்ன என்று பதினைந்து மதிப்பெண்ணுக்கு எழுதி, பதின்மூன்று வாங்கியிருக்கிறேன்.

செலினுக்கும் எனக்கும் இருந்த வித்தியாசத்தை ஒரே வரியில் சொல்லிவிடலாம். அவளுக்கு ஒரு பிள்ளை செத்தது, எனக்கு ஒரு பிள்ளை செத்தது. அவள் பிள்ளை எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். என் பிள்ளை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

எழுபத்து மூன்று மார்கழியில் ஊரில் தொண்டை அடைப்பு நோய் வந்தது. என் மகள் ஜெயமணிக்கு அப்போது இரண்டரை வயது. மூன்றாம் நாள் மதியம் போய்விட்டாள். எங்கள் பக்கத்தில் சின்னக் குழந்தையை எரிப்பதில்லை. அப்பன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் ஆற்றங்கரையில் மண்ணில் வைத்துவிட்டு வர வேண்டும். பாடை இல்லை, மேளம் இல்லை. பின்னால் ஊர் வருவதும் இல்லை. பெண்கள் வாசற்படியோடு நின்றுவிட வேண்டும். என் கணவர் அவளைத் தூக்கிக்கொண்டு போனார். மண்வெட்டி எடுத்துக்கொண்டு கடையில் மூட்டை தூக்கும் கண்ணையன் கூடப் போனான். ஒரு மணி நேரத்தில் இரண்டு பேரும் ஈரத் தலையோடு திரும்பினார்கள்.

"எங்க வச்சீங்க?" என்று கேட்டேன்.

என் கணவர் நேராக உள்ளே போனார். மாமியார் தையலம்மாள்தான் என் தோளைப் பிடித்தாள்.

"எடத்தக் கேக்காதடி. மண்ணுக்குக் கொடுத்தத எங்கன்னு பெத்தவ கேட்டா வயிறு மறுபடி தெறக்காது. இது நம்ம வூட்டு வழக்கம்."

"ஒரு தரம் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"பாத்து இன்னா பண்ணப்போற? அதுக்கு திதி கெடையாது, தெவசம் கெடையாது. அது வரலன்னு நெனச்சிக்க. வந்தாதான போறதுக்கு?"

வரவில்லை என்று எப்படி நினைப்பது? சமையலறைக் கதவின் கீழ்ப் பக்கம் அவள் கைத்தடம் நாலு இடத்தில் இருந்தது. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது அதுவும் போனது. அவளைப் போட்டோ எடுத்ததில்லை. வருஷத்தில் ஒரு நாளும் அவளுக்கென்று கிடையாது. எனக்குத் தேவைப்பட்டது ஓர் இடம் மட்டும்தான். இன்னும் நாலைந்து தடவை என் கணவரைக் கேட்டேன். கேட்ட ஒவ்வொரு தடவையும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார். பிறகு கேட்பதை விட்டுவிட்டேன். அவருக்குத் தெரியும், சொல்லாமல் வைத்திருக்கிறார் என்ற கோபத்தை மட்டும் விடவில்லை.

அடுத்த ஆனி மாதம் செலின் வேலைக்கு வந்தாள். உறுவையாறு போகிற வழியில் மாதா கோயிலைச் சேர்ந்த சனங்கள் இருக்கும் தெருவில் அவள் வீடு. கன்னியர் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படிப்பு. பதினேழு வயதில் மரியசுந்தரத்தைக் கட்டிக்கொண்டாள். அவன் அப்போது வயல் வேலை பார்த்தான். பிறகு திருபுவனையில் தொழிற்சாலைகள் வந்தபோது ஒன்றில் காவல் வேலைக்குச் சேர்ந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தான். அதே தொண்டை நோயில், ஜெயமணி போன அடுத்த மாதம், அவர்களுடைய மகன் தாமஸ் போயிருந்தான். நாலு வயது. இதை அவள் சொல்வதற்கு முன்பே கலியம்மாள் எனக்குச் சொல்லிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்னைப் போல் ஒருத்தி என் முற்றத்தில் உட்காரப் போகிறாள் என்று நினைத்தேன்.

அவள் என்னைப் போல் இல்லை. முதல் நாளே முறத்தை ஒரு தட்டுத் தட்டி, "எம்மா, இந்தத் துவரையில பருப்பு கொஞ்சம் கலந்திருக்கு, மீதியெல்லாம் கல்லுதான்," என்றாள். கடையில் நின்ற என் கணவருக்குக் கேட்கும்படியே சொன்னாள். அவர் சிரித்துவிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு. நான் சமையலறையில் கரண்டியோடு நின்றேன். அந்தச் சிரிப்பை நான் அவரிடமிருந்து வாங்கியிருக்க வேண்டும். வந்து அரை மணி நேரம் ஆகாத ஒருத்தி வாங்கிவிட்டாள்.

அவள் வேலை செய்வதைப் பார்ப்பதே ஒரு பொறாமை. ஒரு காலை நீட்டி ஒரு காலை மடித்து உட்காருவாள். முறம் மேலே போய்க் கீழே வரும்போது பருப்பு ஒரு பக்கமும் தூசி ஒரு பக்கமும் தானாகப் பிரியும். கல்லைப் பார்த்துப் பொறுக்க மாட்டாள். என்னோடு பேசிக்கொண்டே விரலால் தடவி எடுத்துக் கொட்டாங்கச்சியில் போடுவாள். சாயந்தரம் போகும்போது மறைக்காமல் கேட்பாள்.

"எம்மா, ஒரு புடி துவரை எடுத்துக்கறேன். பாக்காத மாரி அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

"நான் பாத்துக்கினுதான் இருக்கேன்."

"பாத்துட்டீங்களா? அப்ப ரெண்டு புடியா எடுத்துக்கறேன். ஒரு புடிக்கும் ரெண்டு புடிக்கும் திட்டு ஒண்ணுதான?"

அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் அவள் நவம்பர் இரண்டாம் தேதிக்கு லீவு கேட்டாள். கல்லறைத் திருநாள். என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். முந்தின நாளே போய்ப் புல்லைப் பிடுங்குவார்களாம். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் போட்டுக் கலக்கி அடிப்பார்களாம். மரச் சிலுவையில் பேரைக் கறுப்பு மையால் புதுப்பிப்பார்களாம். மறுநாள் சாமந்திப்பூ, ஊதுவத்தி, மெழுகுவத்தி. மாதா கோயில் சாமியார் வந்து ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். ஊரே அங்கே உட்கார்ந்திருக்கும்.

"நீ இன்னா பண்ணுவ?"

"நானா? அவன் தலமாட்டுல குந்திக்கினு திட்டுவேன். ஏன்டா, ஒரு வருசமா ஆத்தாள வந்து பாக்கத் தோணலயான்னு. நல்லாத் திட்டிட்டு, பெறவு முறுக்கு வைப்பேன்."

அன்றைக்கு முழுவதும் நான் அவளோடு பேசவில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. பதில் தேடிக்கொண்டுதான் இருந்தேன். கல்லூரிப் புத்தகங்களைப் பெட்டியிலிருந்து எடுத்துப் படித்தேன். திருக்காமீசுவரர் கோயிலில் நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போட்டேன். குருக்களிடம், செய்யாத பாவத்துக்கு இரண்டரை வயதில் எப்படித் தண்டனை என்று கேட்டேன். முன் பிறவி என்றார். முன் பிறவியில் அவள் யார், எனக்குத் தெரியாத ஒருத்தியின் பாவத்துக்கு என் மகள் ஏன் என்று கேட்டபோது, நடை சாத்துகிற நேரம் என்றார். பட்டணத்தில் மௌனமாக உட்காருகிற ஒரு கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு இரண்டு வருஷம் மாதத்தில் ஒரு ஞாயிறு போய் வந்தேன். வெள்ளை விரிப்பில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மனம் ஒன்றுபடும் என்றார்கள். மூன்றாவது மாதத்திலிருந்து எனக்குத் தூக்கம் வந்தது. மடியில் கை வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கினேன். அதைத் தியானம் என்று நினைத்து ஒரு அம்மாள் என்னிடம் வழி கேட்டார்.

ஒரு நாள் செலினிடமே கேட்டுவிட்டேன். "உன் புள்ள ஏன் செத்தான்னு உன் சாமிகிட்ட கேட்டிருக்கியா?"

"கேக்காம? ஒரு வருசம் கேட்டேன். வாயத் தெறக்கல. சரி, அவரு புள்ளயும்தான் செத்துது, அவருக்கு மட்டும் இன்னா தெரியும்னு வுட்டுட்டேன்." முறம் நிற்கவே இல்லை.

"நீ சந்தோஷமா இருக்கியா செலின்?"

"இப்பவா? இப்ப காலு மரத்துப்போச்சி. எழுந்து நின்னா சந்தோசமா இருக்கும். கொஞ்சம் கை குடுங்க."

கை கொடுத்தேன். அவளை அப்படியே கீழே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

எழுபத்தைந்தில் தீபாவளி நவம்பர் மூன்றாம் தேதி வந்தது. முந்தின நாள்தான் அவள் திருநாள். கடையில் கூட்டம் தாங்கவில்லை. அவள் லீவு கேட்டபோது என் கணவர் சரி என்று சொல்ல வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன். உளுந்து இரண்டு மூட்டை அப்படியே கிடக்கிறது, நாளைக்கு வடைக்கு யார் கொடுப்பது என்று கேட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயந்தரம் ஆறு மணி வரைக்கும் புடைத்தாள். மாதா கோயில் மணி அடித்தபோது முறத்தை மடியில் வைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். மறுபடி எடுத்தாள். நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நீயும் என்னைப் போலத்தான் என்று என் மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதாக எனக்கு நினைவில்லை.

தீபாவளி கழித்து அவள் வந்தாள். கோபத்தோடு வருவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நேத்து காலைல போனேம்மா. ஒரு ஆளு இல்ல. எல்லாத்துக்கும் மெழுகுவத்தி அணைஞ்சிபோச்சி. எம்புள்ளைக்கு மட்டும் எரியுது. பெரிய எடத்துப் புள்ள மாரி குந்திக்கினு இருந்தான். போன வருசம் கூட்டத்துல ஒரு வார்த்த பேச முடியல. இனிமே மறுநாளே போலாம்னு இருக்கேன்."

நான் பறித்ததைக்கூட அவள் வரவாக மாற்றிக்கொண்டாள். நான் அவளுக்கு மாம்பழ நிற ரவிக்கைத் துணி ஒன்று கொடுத்தேன். தீபாவளிக்கு என்று சொன்னேன். அவள் அதைத் தோளில் வைத்துப் பார்த்து, "கறுப்புத் தோலுக்கு மஞ்சளா? மரியசுந்தரம் பயந்துருவான்," என்று சிரித்தாள்.

மறு வருஷம் அவள் உண்டானாள். அதுதான் எனக்குப் பெரிய அடி. இடத்தைக் கேட்டால் வயிறு திறக்காது என்று மாமியார் சொன்னதற்காக வாயை மூடிக்கொண்டு இருந்தவள் நான். வருஷா வருஷம் பிள்ளையின் தலைமாட்டில் உட்கார்ந்து கதை பேசியவளுக்கு வயிறு திறந்துவிட்டது. வாயும் வயிறுமாக அவள் முற்றத்தில் உட்கார்ந்தபோது மாமியார் அவளுக்குத் தன் கையால் மாங்காய் நறுக்கிக் கொடுத்தாள்.

"அவங்க வழக்கம் வேற, நம்ம வழக்கம் வேற," என்றாள் என்னைப் பார்க்காமல்.

பெண் பிறந்தது. எலிசா. முற்றத்தில் பருப்புக்கு நடுவில்தான் தவழ்ந்தாள். நான் அவளைத் தூக்கியதே இல்லை. செலினும் ஒரு நாளும் தூக்கச் சொன்னதில்லை. எல்லாவற்றையும் கேலி செய்கிறவள் இதை மட்டும் கேலி செய்ததில்லை.

எலிசா நிற்கப் பழகிய வருஷம் ஆற்றில் வெள்ளம் வந்தது. கடைத்தெருவில் முழங்கால் தண்ணீர். கல்லறைப் பக்கமும் புகுந்துவிட்டது என்று சொன்னார்கள். தண்ணீர் வடிந்த பிறகு நான் தனியாகப் பாலத்துக்குப் போய் நின்றேன். இரண்டு கரையும் சரிந்து கிடந்தன. எந்தக் கரையைப் பார்த்து அழுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. அடுத்த நவம்பரில் செலின் வழக்கம்போலச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு போனாள். அவள் இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை போலிருக்கிறது, வெள்ளம்கூட அவளை விட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அப்படியே வருஷங்கள் போயின. மாமியார் எண்பதில் காலமானாள். எனக்கு வேறு பிள்ளை பிறக்கவில்லை.

அந்த ஞாயிறு நாலு மணிக்குச் செலினை எடுத்தார்கள். தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. கடையை விட்டு வர முடியாத என் கணவர், "நீ போய் மாலை போட்டுட்டு வா," என்றார். கோயிலோடு திரும்பிவிடுவேன் என்று நினைத்திருப்பார். நான் கல்லறைக்கும் போனேன். அங்கே பெண்களும் போகலாம். நாற்பது வயதை நெருங்கும்போதுதான் முதல் முதலாகப் புதைக்கிற இடத்தில் கால் வைத்தேன்.

தாமஸின் கல்லறையை நானே கண்டுபிடித்தேன். மேற்குப் பக்க வேம்பின் கீழ், கை நீளத்துக்கு ஒரு செங்கல் மேடு. போன வருஷச் சுண்ணாம்பு பழுத்திருந்தது. கறுப்பு எழுத்தில் பேர். செலினுக்கான குழியை அங்கே வெட்டவில்லை. அது கிழக்குக் கோடியில் புது வரிசையில் இருந்தது. எல்லாம் முடிந்து வாசல் குழாயில் கை கழுவும்போது மரியசுந்தரத்திடம் கேட்டேன்.

"பையன் பக்கத்துலயே வச்சிருக்கலாமே. இடம் இருக்குதே."

அவன் என்னைப் பார்த்தான். அழுது அழுது கண் இடுங்கியிருந்தது. "எந்தப் பையன் பக்கத்துலம்மா?"

"தாமஸ் பக்கத்துல. வேப்ப மரத்துக்குக் கீழ."

"அங்க தாமஸ் இல்லம்மா. எங்க கெடக்கான்னு யாருக்குத் தெரியும்? வெள்ளம் வந்தப்ப அந்தப் பக்கம் பூரா வண்டல் மூடிப்போச்சி. மரச் சிலுவை ஒண்ணு நிக்கல. நாலு நாளு தேடினேன். பெறவு இவளா ஒரு நாளு வந்து இங்கதான்னு சொல்லி செங்கல்லு வச்சா."

"அவளுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்கும்."

"இன்னா அடையாளம்? மறு வருசம் அந்த செங்கல்லப் புடுங்கி, அம்பது அடி தள்ளி மரத்தாண்ட கொண்டுபோயி வச்சா. ஏன்டி, பைத்தியமான்னேன். அங்க வெயிலு அடிக்குது, புள்ளைக்கு ஆவாதுன்னா. சாமியாருகூட கூப்ட்டு கேட்டாரு. ஏம்மா, உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியாம பேரு எழுதறியேன்னு. இங்க இல்லன்னா பக்கத்துல எங்கியாவது இருப்பான் சாமி, கூப்ட்டா வரப்போறான்னா. அவரு தீர்த்தத்த தெளிச்சாரு. மந்திரிச்சிட்டுப் போயிட்டாரு." முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு சொன்னான். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். வூட்டுக்கு வந்தா உங்க பேச்சுதான் பேசும்."

எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு நடந்தேன். அவளிடம் இருந்ததாக நான் நினைத்த ஒன்று, அது ஒன்றுதான் என்னைத் தாங்கியும் வந்தது. அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை, ஆகவே அவள் சிரிக்கிறாள், நான் சிரிக்கவில்லை. கணக்கு நேராக இருந்தது. ஆறு வருஷமாக அவளிடமும் இல்லையாம். ஒன்றுமில்லாத மேட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒன்றுமில்லாத மண்ணைத் திட்டி, முறுக்கு வைத்துவிட்டு வந்து என் முற்றத்தில் சிரித்திருக்கிறாள்.

பொறாமை குறைந்திருக்க வேண்டும். கூடிவிட்டது. ஓர் இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தின் மேல் பொறாமைப்பட்டால் நம் குற்றம் ஒன்றும் இல்லை. அவள் செய்தது வேறு. அதை நானும் செய்திருக்கலாம். பத்து வருஷத்தில் எந்த நாளிலும் செய்திருக்கலாம். யாராவது வந்து சரியான இடத்தைக் காட்டட்டும் என்று படித்தவள் நான் காத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை என் கணவர் கடையின் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஜெயமணிய எங்க வச்சீங்க?"

கையிலிருந்த பலகையைச் சுவரில் சாத்தினார். "இப்ப எதுக்கு அது?"

"இன்னைக்குச் சட்டைய மாட்டிக்கினு கடைக்குப் போவ முடியாது. கடையிலதான் நிக்கறீங்க. சொல்லுங்க."

அடுத்த பலகையின் விளிம்பைப் பிடித்தபடியே நின்றார். கழற்றவில்லை.

"எனக்குத் தெரியாது உமையா."

என் பேரைச் சொல்லி அவர் கூப்பிடுவது அபூர்வம்.

"தெரியாதுன்னா?"

"குழி வெட்டினது கண்ணையன். நான் அவன் கையில கொடுத்தேன். கொடுத்துட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாதுன்னு அம்மா சொல்லி அனுப்பியிருந்தாங்க. நான் முன்னாலயே முதுகக் காட்டி நின்னுட்டேன். மண்ணு விழற சத்தம்தான் கேட்டுது. வாங்க முதலாளின்னு அவன் கையப் புடிச்சி இழுத்துக்கினு வந்தான். கண்ணு தெரியல எனக்கு. எந்த வழியா வந்தோம்னுகூட..."

"அவன்கிட்ட கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேக்கத் தைரியம் வர்றதுக்குள்ள அவன் கரையாம்புத்தூருக்கு மக வீட்டுக்குப் போயி செத்தும் போயிட்டான்."

"இத என்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்னு நீ நெனச்சிக்கினு இருந்தா, யாரோ ஒருத்தருக்காவது எடம் தெரியும்னு ஆறுதலா இருப்ப. தெரியாதுன்னு சொல்லிட்டா?" அவர் பலகையைக் கழற்றி முந்தினதன்மேல் சாத்தினார். "அதுக்குத்தான்."

எண்ணெய்க்கு ஒரு பெண் பாட்டிலோடு வந்து நின்றாள். அவர் உள்ளே போய் எண்ணெய் ஊற்றினார். அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து வருஷம் நான் வெறுத்த முதுகு அது.

புதன்கிழமை கல்லறைத் திருநாள். மரியசுந்தரமும் எலிசாவும் காலையிலேயே பூக்கூடையோடு கடைத்தெரு வழியாகப் போனார்கள். அவர்களுக்கு இப்போது இரண்டு இடம். எலிசா கூடையைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செலின் நடக்கிற மாதிரியே இடுப்பை ஒடித்து நடந்தாள். அதையும் பார்த்துத் தொலைத்தேன்.

நான் ஒரு டால்டா டப்பாவில் சுண்ணாம்பைக் கரைத்து, நசுக்கிய தேங்காய் மட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். என் கணவர் டப்பாவையும் மட்டையையும் பார்த்தார். கடையை அப்படியே சாத்திவிட்டுக் கொல்லையிலிருந்து பன்னிரண்டு செங்கல்லைக் கோணிப்பையில் கட்டி சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். தீபாவளிக்கு முன்னால் வியாபார நாளில் அந்தக் கடை சாத்தியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஆற்றோரம் பழைய பம்புசெட்டுக்குத் தெற்கே கரை கொஞ்சம் மேடாக இருக்கிறது. இரண்டு மூன்று இடத்தில் நின்று பார்த்தேன். காலை வெயில் விழாத இடமாகத் தேடினேன். அது செலினுடைய யோசனை. பக்கத்துப் பெண்ணின் தாளைப் பார்த்து எழுதுவது போல இருந்தது. எனக்கென்று வேறு யோசனையும் வரவில்லை.

"இங்கயா?" என்றார் என் கணவர்.

"இங்கதான்."

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அவர் ஆற்றைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து செங்கல்லை அடுக்கினார். திரும்பி நிற்கவில்லை. அடுக்கியது கோணலாக இருந்தது. செலினாக இருந்தால் ஒரு கேலி சொல்லியிருப்பாள். திட்டலாம் என்று குனிந்தேன். ஏன்டி என்று ஆரம்பித்தேன். ஏன்டி ஜெயமணி என்பதற்கு மேல் வரவில்லை. அவள் எவ்வளவு சுலபமாகச் செய்திருக்கிறாள் இதை. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து அடிக்க ஆரம்பித்தேன்.

மேலேயும் மூன்று பக்கமும் அடித்து முடித்தபோது கடைக்கு முன்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள் என்று கலியம்மாள் தேடிக்கொண்டு வந்தாள். நாங்கள் டப்பாவை எடுத்துக்கொண்டு திரும்பினோம். அன்று மதியம் பிடித்த மழை, இதை எழுதும் இன்றைக்கும் விடவில்லை. ஆற்றைப் பார்த்திருக்கும் பக்கத்துக்கு இன்னும் சுண்ணாம்பு அடிக்கவில்லை.